மகள் கிராமத்துக்குப் போகிறேன் என்கிறாள்

வணக்கம்மா. இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பட்டப்படிப்பு வேண்டாம், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மக்களைத் திரட்டும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஆனால் அவள் மனத்தில் இருப்பதும் அந்த வேலைதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விடுமுறையில் நண்பர்களோடு போய், பள்ளிச் சுவருக்குச் சாயம் அடித்துவிட்டுத் திரும்புவது தொண்டூழியம். நல்லதுதான், ஆனால் மக்களைத் திரட்டுவது வேறு. சமூகச் செயற்பாட்டாளர்களான அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் மூவரும் 1987-ல் ராஜஸ்தானின் தேவ்துங்ரி கிராமத்தில் குடியேறினார்கள். ஊர்மக்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கியது 1990-ல். அரசாங்கம் நடத்திய கூலி வேலைகளுக்குச் சரியான பணம் கிடைக்காதவர்கள், அந்த வேலைகளின் கணக்கை ஊர் முன்னால் படிக்கச் சொல்லி பொது விசாரணை நடத்த ஆரம்பித்தது 1994-ல். அதிலிருந்து வளர்ந்த போராட்டத்தின் பலனாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். மகளிடம் இந்த ஆண்டுகளைச் சொல்லி, எத்தனை வருஷம் ஒரே ஊரில் இருக்கத் தயார் என்று கேளுங்கள்.

அடுத்து, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் அது கூடும். அந்த ஊர் வாக்காளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். சிங்கப்பூர்க் குடிமகளான உங்கள் மகளுக்கு அங்கே ஓட்டு இல்லை. குடிநீர்க் குழாயைப் பற்றி அவள் எவ்வளவு அழகாகப் பேசினாலும், எழுந்து கேட்க வேண்டியவர் தண்ணீர் வராத தெருவில் இருக்கும் பெண். அவரைக் கூட்டத்துக்கு வரவைப்பதும், மனு எழுத உதவுவதும், பயம் தெளிய வைப்பதும்தான் இவள் வேலை. மகள் விவாதப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அதுதான் கொஞ்சம் கவலை! மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு அடுத்தவரைப் பேச விடுவது லேசில் வராது.

அதை இங்கேயே பழகலாம். வாடகை வீடுகள் நிறைந்த ஒரு புளோக்கில், குடும்ப சேவை நிலையம் வழியாக ஒரு வருஷம் வீடு வீடாகப் போகட்டும். அங்குள்ளவர்கள் தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, தாங்களே கூட்டம் போட்டால் அவளுக்கு இந்த வேலை கைவருகிறது என்று அர்த்தம். அவள் இல்லாவிட்டால் யாரும் வருவதில்லை என்றால், இன்னும் பழக வேண்டும்.

படிப்பை விடச் சொல்ல மாட்டேன். சமூகப்பணிப் பட்டத்தைத் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலோ இங்குள்ள சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலோ முடிக்கட்டும், களப்பயிற்சியும் கிடைக்கும். திண்டுக்கல் பக்கம் உள்ள காந்திகிராமத்தில் ஊரக வளர்ச்சி படிக்கலாம். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு மகாராஷ்டிரத்தின் துல்ஜாபூரில் கிராமப்புற வளாகமே இருக்கிறது. ஆனால் இவை மேற்படிப்புக்கு. திரும்பி வந்து இங்கே சமூகப்பணியாளராகப் பதிந்துகொள்ள அங்கீகரிக்கப்பட்ட சமூகப்பணித் தகுதி வேண்டும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

பணம்? குறைவுதான். வெளிநாட்டு அமைப்பு மத்திய சேம நிதியில், அதாவது ஓய்வுக்காலத்துக்கும் வீடு வாங்கவும் இங்கே சேரும் சேமிப்பில், பணம் போடாது, அவளே விரும்பினால் போடலாம். வீடு வாங்குவது தள்ளிப்போகும், அதை இப்போதே பேசிவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய் வருஷக்கணக்கில் வேலை பார்க்கவும் முடியாது. எடுத்துக்கொள்ளும் அமைப்பு எந்த விசாவுக்கு ஏற்பாடு செய்யும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: ஊருக்கு உதவி என்று இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அனுமதி வேண்டும். அங்கே வாங்கும் அமைப்பும் இந்தியாவின் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஆர்வத்தில் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சரி, அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள். முதலில் அவளோடு தனியாகப் பேசுகிறேன், அப்புறம் நீங்கள் உள்ளே வரலாம்.