முதுகெலும்புக்குப் போடும் ஊசிக்குப் பல் டாக்டர் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கிறது. இரண்டு வருடமாக ஹார்மோன் ஊசி போடுகிறோம். இப்போது பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை அளவு) மறுபடி ஏறுவதால், புது மாத்திரையோடு எலும்புக்கு மாதம் ஒரு ஊசியும் போடப் போகிறார்கள். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள், கால்சியம் மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேனில் எலும்பு கூடுதலாக வளர்ந்திருப்பதாகத்தானே போட்டிருக்கிறது, கால்சியம் எதற்கு?

பதில்: பல் டாக்டரிடம் போங்கள் என்றால், சிலர் தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் டாக்டர் சொன்னது சரிதான்.

முதலில் கால்சியம். புராஸ்டேட் புற்றுநோய் போய் உட்காரும் இடத்தில் எலும்பு தாறுமாறாக வளரும். எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரியும். ஆனால் கல்லைக் கொட்டிக் குவித்தால் சுவர் ஆகிவிடுமா? அந்த எலும்புக்கு உறுதி கிடையாது. ஹார்மோன் ஊசியோ டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதால், புற்றுநோய் இல்லாத எலும்பையும் மெலிய வைக்கிறது.

தாறுமாறாக வளரும் எலும்பு ரத்தத்திலிருக்கும் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். புது ஊசி எலும்பு கரைவதைத் தடுப்பதால், எலும்பிலிருந்து ரத்தத்துக்குக் கால்சியம் வரும் வழியும் அடைபடும். அதனால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கலாம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, தசைப்பிடிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். பொதுவாக தினம் குறைந்தது 500 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் தருவோம். டி குறைவாக இருந்தால் ஊசிக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

இப்போது பல். பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழியில் எலும்பு கரைந்து, புதிதாக வளர்ந்துதான் ஆறும். இந்த ஊசி அந்த வேலையையே மந்தப்படுத்துகிறது. வாயில் கிருமிகளுக்கும் பஞ்சமில்லை. நூற்றில் ஓரிருவருக்கு, நீண்ட நாள் ஊசி போட்டால் இன்னும் சிலருக்கு, ஈறு மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்தபடி வாரக்கணக்கில் நிற்கும். ஆற வைப்பது பெரும்பாடு. அதனால் பிடுங்க வேண்டிய பல்லை இப்போதே பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஊசியை ஆரம்பிக்க வேண்டும். பல்செட் இருந்தால் அதையும் காட்டுங்கள். ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும் பல்செட்டே போதும், வம்பை இழுக்க. ஊசி தொடங்கிய பிறகு பல்லைச் சுத்தம் செய்வதும் சொத்தையை அடைப்பதும் பரவாயில்லை. பிடுங்குவது, இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) என்றால் புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

பல் புண் ஆறுவதற்காக ஊசியை மூன்று வாரம் தள்ளினால் நோய் முற்றிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இந்த ஊசி புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை, எலும்பு முறிவையும் முதுகுத்தண்டு நசுங்குவதையும் குறைக்கிறது. புற்றுநோய்க்கான மாத்திரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எந்த ஊசி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜோலெட்ரானிக் ஆசிட் என்றால் 4 மி.கி., டிரிப்பில் குறைந்தது 15 நிமிடம் ஏறும். ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம். பலருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலே போதும், கேட்டுப் பாருங்கள். டெனோசுமாப் என்றால் 120 மி.கி., தோலுக்கடியில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது வசதி, ஆனால் அவர்களுக்குத்தான் கால்சியம் அதிகம் இறங்கும். இதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு முறியலாம்.

அப்புறம், பல் டாக்டர் சந்திப்புக்குக் காத்திருக்கும் இந்த நாட்களிலேயே முதுகுவலி புதிதாகக் கூடினாலோ, கால் தள்ளாடினாலோ மரத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ, அடுத்த சந்திப்பு வரை பொறுக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய், புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.