கெவ்லார் தற்செயலா?

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். குண்டு துளைக்காத உடைகளுக்கான கெவ்லார் இழைக்கு வழிவகுத்த வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் பற்றி வகுப்பில் பேசவேண்டும். படித்ததிலெல்லாம் ‘கீழே கொட்டவேண்டிய திரவத்திலிருந்து தற்செயலாகக் கெவ்லார் கிடைத்தது’ என்றே இருக்கிறது. சரிதானா? இரண்டு திரவங்கள் தொடும் இடத்தில் உருவாகும் நைலான் படலத்தைக் கயிறாக இழுக்கும் அவருடைய சோதனையையும் செய்து பார்த்தோம். ஒரு முழம் வருவதற்குள் அறுந்துவிடுகிறது. ஏன்? கெவ்லாரால் அவருக்கு எவ்வளவு பணம் வந்தது என்று ஒரு மாணவி கேட்டாள்.
ர.

அன்புள்ள ர.,

தற்செயல் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கயிற்றையும் கெவ்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

மருத்துவம் படிக்கப் பணம் சேர்க்கத்தான் குவோலெக் 1946-ல் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபான்ட்டில் சேர்ந்தார். வேலை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். 1950-ல் வில்மிங்டன் ஆய்வகத்துக்கு வந்தபின் அவருடைய களம், குறைந்த வெப்பத்தில் பாலிமர் (சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பொருள்) செய்வது. அமிலத்தையும் அமீனையும் சேர்த்துச் செய்யும் வழக்கமான நைலானுக்கு 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உருகுமுன் சிதைந்துவிடும் பாலிமர்களுக்கு அது உதவாது. அமிலத்தின் இடத்தில் அமிலக் குளோரைடைப் போட்டால் அறை வெப்பத்திலேயே நொடிகளில் வினை நடக்கும். இதைக் கண்ணெதிரே காட்டும் சோதனையாகப் உடன் பணியாற்றிய பால் மார்கனும் அவரும் 1959-ல் வெளியிட்டதே உங்கள் கயிறு.

கயிறு அறுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அதற்கான அமிலக் குளோரைடை, அதாவது செபகாயில் குளோரைடு பாட்டிலை. ஈரக்காற்று பட்டால் அது அமிலமாகிவிடும். அந்த அமிலம் அறை வெப்பத்தில் அமீனோடு சங்கிலியாகக் கோத்துக்கொள்ளாது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். குட்டைச் சங்கிலிகளால் ஆன படலம் இழுவை தாங்காது. பாட்டிலுக்குள் வெள்ளைப் படிவு தெரிந்தால் புதிதாக வாங்குங்கள்.

50 மி.லி. தண்ணீரில் 3 கிராம் ஹெக்சாமெத்திலீன் டைஅமீன், 1 கிராம் காஸ்டிக் சோடா. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடைச் சோடா பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அது அமீனை முடக்கும். தனியாக 50 மி.லி. ஹெக்சேனில் 2 மி.லி. செபகாயில் குளோரைடு. இதைப் பீக்கரின் சுவரோரமாக, சாய்த்த கண்ணாடிக் குச்சி வழியே மெல்ல விடுங்கள். மளமளவென்று ஊற்றினால் இரண்டும் கலந்து கட்டிதான் மிஞ்சும். படலத்தின் நடுவை இடுக்கியால் பிடித்து ஒரே சீராக இழுக்கவேண்டும். நிறுத்தினால் படலம் தடித்து அமீனை மறிக்கும். அவசரப்பட்டால் புதுப் படலம் உருவாக நேரமிருக்காது. எடைகள் துல்லியமாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை, இந்த முறையின் அழகே அதுதான். கயிற்றுக்குள் கரைசல் தேங்கியிருக்கும் என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும்; அருகில் பர்னர் கூடாது. மிச்சத்தை நன்றாகக் கலக்கித் திடமாக்கி எடுத்துவிட்டு, எஞ்சிய ஹெக்சேனைக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள், தொட்டியில் அல்ல.

இனி கெவ்லார். டயருக்கான எடை குறைந்த, விறைப்பான இழையைத் தேடும் வேலை 1964-ல் வந்தது. நேராகக் கோல்போல நிற்கும் மூலக்கூறுகளை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். அவை எளிதில் கரையா; உருக்கவும் முடியாது. பதினைந்து ஆண்டுகளாகப் பழகிய குளிர்முறை இல்லாமல் அவற்றை அவர் தொட்டிருக்கவே முடியாது. 1965-ல் கிடைத்த கரைசல் மோர்போல நீர்த்து, கலங்கலாக இருந்தது. பாகுபோல் கெட்டியாக, தெளிவாக இருக்கவேண்டியது. தூசோ கரையாத துகளோ என்று வடிகட்டினார், கலங்கல் போகவில்லை. அப்படியானால் அது கரைசலின் குணம். கோல் மூலக்கூறுகள் இணையாக அடுக்கி நின்ற திரவப் படிகம் அது. நூற்புக் கருவியின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று நூற்புக்காரர் சார்லஸ் ஸ்மல்லன் முதலில் மறுத்தார். குவோலெக் விடாமல் கேட்டு நூற்க வைத்தார். விறைப்பு எண்கள் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்து வந்ததால், யாரிடமும் சொல்லாமல் இழையைத் திரும்பத் திரும்பச் சோதனைக்கு அனுப்பினார். எதிர்பாராதது நடந்தது உண்மை. அதைக் கொட்டாமல் நிறுத்தியது வடிகட்டிப் பார்த்த பழக்கம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: இன்றைய கெவ்லாரை அவர் தனியாகச் செய்ததாகச் சொல்லவேண்டாம். முதலில் அவர் நூற்றது அதற்கு நெருங்கிய உறவான வேறொரு பாலிமர். அடர் கந்தக அமிலத்தில் கரைத்து, காற்றிடைவெளி விட்டு நூற்கும் ஆலைமுறை டூபான்ட்டின் ஹெர்பர்ட் பிளேட்ஸுடையது.

மாணவியிடம் சொல்லுங்கள்: காப்புரிமையை அவர் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், விற்பனையில் பங்கு கிடையாது. 1986-ல் ஓய்வு பெற்றார். 1996-ல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வந்தது.