சர்ச்சில் திரும்பி வந்தது – கடிதம்

அன்புள்ள அண்ணா,
ஜெர்மனிய ஜெயிச்ச கையோட 1945ல பிரிட்டன் பிரதமர் சர்ச்சில தேர்தல்ல தோக்கடிச்சாங்க நன்றிகெட்ட ஜனங்க. 1951ல அவங்களே திரும்ப கூப்பிட்டாங்க. தப்ப திருத்திக்கிட்டாங்கன்னு சொல்லலாமா? அவர் ஆட்சியில 1943ல வந்த வங்காளப் பஞ்சத்த வச்சு அவர எடைபோடறது நியாயமா?

அன்புள்ள தம்பி,
ரெண்டு நாளா நானும் இந்த மனுஷனத்தான் நெனச்சிட்டிருக்கேன், அதான் உடனே எழுதறேன். பஞ்சம் நாலு வரியில முடியற விஷயமில்ல, தனியா எழுதணும்.

ஆனா "நன்றிகெட்ட ஜனங்க"ன்னு எழுத உங்களுக்கு கை எப்படிப்பா வந்துச்சு? ஆறு வருஷம் சண்டையில புள்ளைங்கள பறிகொடுத்தவங்க, இனி வீடு வேணும் வேலை வேணும் காசில்லாம வைத்தியம் வேணும்னு கேட்டாங்க, தர்றேன்னு சொன்ன லேபர் கட்சித் தலைவர் அட்லீக்கு ஓட்டு போட்டாங்க. திருத்திக்கவும் இல்ல. 1951ல லேபருக்கு சுமார் 1 கோடியே 39 லட்சம் ஓட்டு, சர்ச்சில் பக்கம் 1 கோடியே 37 லட்சம். சீட்டு மட்டும் இவருக்கு 321, அவங்களுக்கு 295. இத தெரிஞ்சுக்காம ஜனங்கள திட்டாதீங்க.

என்னைய தூங்கவிடாதது 1953 ஜூன் 23 ராத்திரி. இத்தாலி பிரதமருக்கு விருந்து குடுத்த எடத்துலயே சர்ச்சிலுக்கு பக்கவாதம், வயசு 78. மறுநாள் வாய் ஒரு பக்கம் தொங்க மந்திரிசபைக் கூட்டத்துல உக்காந்திருக்காரு, இன்னிக்கி பேச்சு கம்மின்னு மட்டும்தான் மந்திரிங்களுக்கு தோணிருக்கு. ஓய்வு தேவைன்னு ஒரு அறிக்கை விட்டாங்க, பெரிய பத்திரிகை முதலாளிங்க விஷயம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அடுத்து வரவேண்டிய ஈடனோ ஆபரேஷனுக்காக அமெரிக்காவுல படுத்திருக்காரு.

எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. வாசல்ல செருப்பு சத்தம் கேட்டா போதும், இடது கைய வலது கையால தூக்கி மடியில வச்சு துண்ட மேல போட்டு மூடிக்குவாரு, நான் பாக்காத மாதிரி திரும்பிக்குவேன். அதனால அந்தக் கிழவர் மேல எனக்கு கோவமா வரல, அழுகைதான் வருது. ஆனா அப்பா மறைச்சது எங்க வீட்டோட போச்சுப்பா. இவரு முந்தின அக்டோபர்ல சொந்த அணுகுண்ட வெடிச்சுப் பாத்த நாட்டோட பிரதமர், ஜனங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லாதது தப்பு, அவர் மேல எவ்ளோ பாசம் இருந்தாலும் தப்புதான்.

பதவிய ஏன் பிடிச்சு தொங்கினாருன்னா, ஸ்டாலின் செத்துட்டாரு, ரஷ்யாக்காரனோட உக்காந்து பேசி இன்னொரு சண்டை வராம தடுக்க தன்னால மட்டும்தான் முடியும்னு நம்பினாரு. சண்டையில ஜெயிச்சவருக்கு சமாதானத்தையும் தன் கையாலயே முடிச்சிட்டுப் போகணும்னு அப்படி ஒரு தவிப்பு. 1955 ஏப்ரல் 5 ராஜினாமா. ஜூலையில ஜெனீவால அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ்னு நாலு நாட்டுத் தலைவருங்களும் உக்காந்து பேசினாங்க, பிரிட்டன் நாற்காலியில இருந்தது ஈடன்.