டிராக்டர் என்ஜின் பேரிங்கில் செம்பு நிறம் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மூன்று சிலிண்டர் டிராக்டரில் ஆயில் கசிவுக்காக என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை (சம்ப்) கழற்றியிருக்கிறீர்கள். மெக்கானிக் அப்படியே ஒரு ராடு கேப்பையும் (பிஸ்டன் ராடைக் கிராங்கோடு பிடித்திருக்கும் கீழ்மூடி) அவிழ்த்துப் பார்த்தபோது பேரிங்கில் சாம்பல் நிறம் போய் நடுவில் செம்பு தெரிந்திருக்கிறது. அவர் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் "ரெண்டு சீசன் தாராளமா ஓடும்" என்கிறார்.

நான் கிராங்க் கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன். என் பார்வையில் இருவருமே பேரிங்கை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். முடிவு செய்ய வேண்டியது கிராங்கின் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) எப்படி இருக்கிறது, அதற்கும் பேரிங்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை வைத்துத்தான்.

முதலில் அந்தச் செம்பு நிறம். டீசல் என்ஜின் ஷெல் பேரிங் (இரண்டு அரைவட்டப் பாதிகளாக வருவது) பலவற்றில் முதுகு எஃகு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த உலோகம், அதற்கும் மேலே சாம்பல் நிறத்தில் ஈயம்-வெள்ளீயப் பூச்சு. இந்தப் பூச்சின் கனம் சுமார் 0.02 மி.மீ. தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அது தேய்ந்து செம்பு தெரிவதால் மட்டும் இடைவெளி பெரிதாக ஏறிவிடாது. ஆனால் ஆயிலில் வரும் தூசித் துகளைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு ஜர்னலில் கீறல் விழாமல் காப்பது அந்தப் பூச்சுதான். அது போன பிறகு துகள் ஜர்னலை உரச ஆரம்பிக்கும். புளித்த ஆயில் செம்புக்கு நடுவில் இருக்கும் ஈயத்தையும் அரிக்கும்.

நீங்கள் பார்த்தது கேப்பில் இருந்த பாதி. எரிப்பு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது சுமையைத் தாங்குவது ராடு பக்கம் இருக்கும் மேல்பாதி. கீழ்ப்பாதியிலேயே செம்பு தெரிகிறது என்றால் மேல்பாதியைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். கிராங்கை என்ஜின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் இது தலைகீழ். அங்கே கேப்பில் இருக்கும் பாதிதான் அதிகம் தேயும். ராடை மேலே தள்ளும்போது போல்ட் முனை ஜர்னலில் இடிக்காமல் இருக்க அதன்மேல் ரப்பர் ஹோஸ் துண்டு மாட்டிக்கொள்ளுங்கள். கேப்பையும் ஷெல்லையும் சிலிண்டர் வாரியாகக் குறியிட்டு வையுங்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குப் போகக்கூடாது.

அலுமினிய வகை ஷெல் என்றால் எவ்வளவு தேய்ந்தாலும் செம்பு தெரியாது. அதனால் நிறத்தை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்க எளிய வழி பிளாஸ்டிகேஜ் நூல். ஜர்னலையும் ஷெல்லையும் ஆயில் இல்லாமல் துடைத்து, நூலை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை மேனுவலில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்கி, கிராங்கைத் துளியும் சுற்றாமல் திரும்பக் கழற்றுங்கள். நசுங்கிய நூலின் அகலத்தை உறையில் இருக்கும் அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். பொதுக் கணக்கு, ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.06 மி.மீ. அளவில் இருக்கும். சரியான வரம்பு உங்கள் டிராக்டரின் மேனுவலில் உள்ளதுதான்.

இந்தச் சின்ன எண்ணை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் அதன் வழியே வெளியேறும் ஆயில் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். ஒரு ராடில் ஆயில் அப்படி ஓடிப்போனால் மற்ற பேரிங்குகளுக்கும் அழுத்தம் குறைந்துவிடும். என்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஆயில் மீட்டர் கீழே இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் பம்ப் தேய்ந்திருந்தாலும், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு முழுசாக மூடாவிட்டாலும், ஆயிலில் டீசல் கலந்திருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும். மீட்டரை மட்டும் பார்த்து கிராங்கை இறக்க வேண்டாம்.

பிளாஸ்டிகேஜ் ஒரே திசையில்தான் அளக்கும். ஜர்னலோ முட்டை வடிவமாகத் தேயும். மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு ஜர்னலையும் இரு ஓரத்தில், ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசையில் அளக்கச் சொல்லுங்கள். மேனுவலில் வேறு வரம்பு இல்லாவிட்டால், வித்தியாசம் 0.03 மி.மீ. தாண்டும்போது கிரைண்டிங் செய்வதுதான் சரி என்பேன். ஓவலான ஜர்னலில் புது ஷெல் போட்டால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். "புது பேரிங் போட்டும் சத்தம் போகலை" என்று பட்டறைக்கு வரும் என்ஜின்களில் பெரும்பாலும் யாரும் ஜர்னலை அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கழற்றிய ஷெல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், என்ன நடந்தது என்பது அதில்தான் இருக்கிறது. சுற்றுவாக்கில் கோடு கோடாகக் கீறல், நடுநடுவே கறுப்புப் புள்ளி இருந்தால் ஏர் கிளீனரையோ ஆயில் ஃபில்டரையோ பாருங்கள். புழுதி உழவில் இது அதிகம். மேல்பாதியில் ஒரு ஓரமும் கீழ்ப்பாதியில் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. உலோகம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால் அதிகச் சுமையால் வந்த களைப்பு. பளபளவென்று இழுவி, கருநீலம் ஏறியிருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது. இந்தக் கடைசி இரண்டில் எதைக் கண்டாலும், கிளியரன்ஸ் (இடைவெளி) என்னவாக இருந்தாலும், அந்த ஷெல்லைத் திரும்பப் போடக்கூடாது. காரணத்தைச் சரி செய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அதே கதிக்கு ஆளாகும்.

கேப்பை மட்டம் உரசி இறுக்குவது, ஷெல்லுக்குப் பின்னால் பேப்பரோ தகடோ வைப்பது இரண்டுக்கும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பழைய என்ஜின்களில் ராடுக்கும் கேப்புக்கும் நடுவில் ஷிம் என்ற மெல்லிய தகடு இருக்கும். அதை எடுத்து ஆட்டத்தைக் குறைப்பார்கள், அங்கே அது முறைதான். இன்றைய ஷெல் அப்படி இல்லை. அது ராடின் ஓட்டையில் முதுகு முழுக்க ஒட்டி அமுங்கி உட்கார்ந்தால்தான் சூடு வெளியேறும், ஷெல் சுற்றாமல் நிற்கும். பேப்பர் வைத்தால் சூடு போக வழியில்லை. கேப்பை உரசினால் ஓட்டை வட்டமாகவே இருக்காது.

இனி உங்கள் என்ஜினுக்கு. ஜர்னல் வழவழப்பாக, ஓவல் இல்லாமல், நகத்தை ஓட்டினால் தட்டும் கீறல் இல்லாமல் இருந்தால், அதே அளவு புது ஷெல் போட்டு மூடுங்கள். கிளியரன்ஸ் வரம்புக்குள் இருந்தாலும் இதையே சொல்வேன். சம்ப் ஏற்கெனவே கீழே இருக்கிறது. ஷெல் செட்டின் விலை கிராங்கோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வாங்கும்முன் பழைய ஷெல்லின் முதுகைப் பாருங்கள். ஸ்டாண்டர்டா, 0.25, 0.50 மி.மீ. என்று அண்டர்சைஸா (அரைத்துச் சிறிதான ஜர்னலுக்கான ஷெல்) என அச்சடித்திருக்கும். முன்பே கிரைண்டிங் ஆன கிராங்குக்கு ஸ்டாண்டர்டு வாங்கி வந்தால் லூசாகத்தான் இருக்கும்.

ஜர்னல் கெட்டிருந்தால் கிராங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது மெயின் ஜர்னல்களையும் சேர்த்து அளந்துவிடுங்கள், முன்பின் ஆட்டத்துக்குத் திரஸ்ட் வாஷரையும் பாருங்கள். கிரைண்டிங் முடிந்து வந்ததும் ஆயில் துளைகளைக் கம்பி பிரஷ் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். உள்ளே தங்கிய கல்பொடி புது ஷெல்லைச் சீக்கிரமே தின்றுவிடும்.

பூட்டும்போது ஷெல்லில் ஆயில் தடவி, புது ஃபில்டரில் ஆயில் நிரப்பி, டீசலை நிறுத்தி வைத்து, மீட்டரில் அழுத்தம் ஏறும்வரை செல்ஃப் மோட்டாரை இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள். அதற்குப் பிறகு டீசலைத் திறந்து ஸ்டார்ட் பண்ணலாம்.