கறுப்பு நகத்தை எதுவரை வெட்டலாம்?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் நாய்க்கு நான்கு வயது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்கிறது. டைல்ஸ் தரையில் நடக்கும்போதெல்லாம் நகம் தட்டும் ஓசை கேட்பதால், சென்ற மாதம் நானே நகவெட்டியை எடுத்தேன். ஒரு விரலில் ரத்தம் வந்துவிட்டது. அன்று முதல் நகவெட்டியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. நகங்கள் எல்லாமே கறுப்பு. எதுவரை வெட்டலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நாயின் நகத்துக்குள் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட மெல்லிய சதை ஓடுகிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகவே வெட்ட வேண்டிய இடத்தை முன்கூட்டியே கணிக்க முயலாமல், நுனியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டிய பரப்பை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அது வறண்டு, வெளிறிய நிறத்தில், பொடிப்பொடியாக இருக்கும். சதையை நெருங்க நெருங்க நடுவில் நிறம் மாறி, ஈரப்பசையோடு ஒரு சிறு புள்ளி தோன்றும். அந்தப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நகத்தை அடிப்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும்: கொக்கிபோல் வளைந்த நுனியில் பள்ளமாகத் தெரியும் பகுதியில் பெரும்பாலும் சதை இருக்காது.

நீண்ட நகத்தை ஒரே நாளில் குட்டையாக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நகம் நீளும்போது உள்ளிருக்கும் சதையும் உடன் நீண்டுவிடுகிறது. வாரம் ஒரு முறை கொஞ்சமாக நுனியைச் சீவிவந்தால் அந்தச் சதை மெல்லப் பின்வாங்கும். சில வாரங்களில் தரையில் ஓசை குறைவதை நீங்களே கவனிப்பீர்கள்.

கருவியிலும் கவனம் வேண்டும். மனிதர்களுக்கான நகவெட்டி தட்டையான நகத்துக்கானது. நாயின் உருண்டை நகத்தை அது நசுக்கிப் பிளக்கக்கூடும். லாப்ரடார் போன்ற பெரிய நாய்க்கு, பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கும் கத்தரி வடிவ வெட்டியே ஏற்றது. அதன் அலகு மழுங்கியிருந்தால், சதையைத் தொடாமல் வெட்டினாலும் அழுத்தம் நாய்க்கு வலியைத் தரும்.

ஆனால், உங்கள் வீட்டில் நகத்தைவிடப் பயத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து வெட்டுவது அன்றைய வேலையை முடிக்கலாம். அடுத்த முறை அந்த நாய் கடிக்கவும் கூடும். சில நாட்களுக்கு எதையும் வெட்டாதீர்கள். நகவெட்டியைத் தரையில் வைத்து, அதன் அருகே உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டைப் போடுங்கள். நாய் தயங்காமல் வந்து தின்னத் தொடங்கிய பிறகு பாதத்தைத் தொட்டுவிட்டு ஒரு துண்டு, விரலை மெல்ல அழுத்திவிட்டு ஒரு துண்டு, நகவெட்டியால் நகத்தைத் தொட்டுவிட்டு ஒரு துண்டு என்று படிப்படியாகச் செல்லுங்கள். காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிட்டு முந்தைய படிக்குத் திரும்புங்கள். வெட்டத் தொடங்கும்போதும் நாளுக்கு ஒரு நகம் போதும். முன்கால்களின் கட்டை விரல்களையும் சேர்த்தால் பெரும்பாலான நாய்களுக்கு 18 நகங்கள்; மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அவசரப்பட ஒன்றுமில்லை.

மறுபடி ரத்தம் வந்தால் பதறாமல், சுத்தமான பஞ்சில் சோளமாவைத் தொட்டு நகநுனியில் வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முடிதிருத்தகங்களில் சவரக் காயத்துக்குத் தடவும் படிகாரமும் ரத்தத்தை நிறுத்தும். சற்று எரியும், அவ்வளவுதான். நம் வீடுகளில் காயத்துக்குக் காப்பித்தூள் வைக்கும் பழக்கம் உண்டு. நாய்க்கு அதைச் செய்யவே கூடாது. நாய் காயத்தை நக்கும், காப்பியிலுள்ள காஃபீன் அதற்கு நஞ்சு. அதேபோல் வலிக்கிறதே என்று நமக்கான பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கொடுப்பதும் ஆபத்தானது. அழுத்திப் பிடித்தும் இருபது நிமிடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, நகம் அடியோடு பிளந்திருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். இத்தனை பழக்கிய பிறகும் பல்லைக் காட்டி உறுமும் நாயோடு வீட்டில் போராடுவதில் பொருளில்லை. அதற்கு மயக்கம் தர வேண்டுமா என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்குப் பன்னிரண்டு வயது. முன்காலின் கட்டை விரல் நகம் வளைந்து சதைக்குள் புகுந்திருக்கிறது. வீட்டிலேயே வெட்டி எடுக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். நகம் புகுந்த இடத்தில் ஏற்கெனவே புண்ணும் சீழும் இருக்கலாம். அதை வெட்டி உருவும்போது வலி கடுமையாக இருக்கும். இன்றோ நாளையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். நகத்தை அகற்றிய பின் புண்ணுக்கும் மருந்து தேவைப்படும். பக்கவாட்டில் சற்று மேலே இருக்கும் கட்டை விரல் நகம், நாய் நடக்கும்போது பெரும்பாலும் தரையில் உரசித் தேய்வதில்லை. பொமரேனியனின் அடர்ந்த முடி அதை மறைத்தும் விடுகிறது. புண் ஆறிய பிறகு இரு வாரத்துக்கு ஒரு முறை முடியை விலக்கிப் பார்த்து, நுனி வளையும் முன்பே சிறிது வெட்டிவிடுங்கள். வயதான நாய்க்கு மூட்டுவலி இருக்கக்கூடும் என்பதால், காலை உயரத் தூக்காமல், அதைப் படுக்கவைத்தபடியே வெட்டுங்கள்.