ரோலர் கோஸ்டர் ஊரில் எனக்கு என்ன வேலை?

கேள்வி: அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருக்கும் மகள், சான்டஸ்கி ஊரின் சீடர் பாயின்ட் பூங்காவுக்கு எங்களை அழைத்துப்போகிறாளாம். வயது 62, ரோலர் கோஸ்டர் பக்கமே போகமாட்டேன். எனக்கு அங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா! பிள்ளைகள் 310 அடி உயர மில்லினியம் ஃபோர்ஸில் அலறட்டும், நீங்கள் நீராவி ரயிலில் பூங்காவைச் சுற்றுங்கள். அப்புறம் ஈரி ஏரிக்கரை மணலில் நடங்கள். மறுகரை தெரியாது, கடல் என்றே நினைப்பீர்கள், ஆனால் உப்பில்லை. 1870-ல் ஜனங்கள் இங்கே வர ஆரம்பித்ததே இந்தக் கரைக்காகத்தான்.

என்னைக் கேட்டால் ஊருக்குள்ளும் அரை நாள் ஒதுக்குவேன். பழைய தபால் நிலையக் கட்டடத்தில் குடைராட்டின அருங்காட்சியகம் இருக்கிறது. மரக்குதிரைகளின் செதுக்கு வேலையை நின்று பாருங்கள், சவாரியும் உண்டு.

கோடையில் படகேறினால் கெல்லீஸ் தீவு. அங்கே சுண்ணாம்புப் பாறையில் பனியாறு உழுத பள்ளங்கள், சுமார் 400 அடி நீளத்துக்கு! எனக்கு மொத்தப் பூங்காவையும்விட அதுதான் பெரிசு. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் நெரியும். தொப்பி மறக்காதீர்கள்.