கொடைக்கானல்ல இருந்துகிட்டே வயலின் வில் செய்யறத தொழிலா எடுக்க முடியுமா?
முடியும், ஆனா எடுத்தவுடனே புது வில் செய்யலாம்னு நெனச்சா வேலைக்காகாது, மொதல்ல பழைய வில்லுக்கு குதிரைமுடி மாத்திப் பழகணும், ஒரு வில்லுக்கு 150லருந்து 200 முடி, எல்லாமே ஒரே இழுவையில நிக்கணும். நம்ம ஊர் ஐப்பசி மழை வேற, நாயுடுபுரத்துல எங்க வீட்ல அந்த ஈரத்துக்கே முடி நீண்டு தொளதொளன்னு ஆயிடும், எவ்ளோ திருகினாலும் விறைப்பே வராது.

அப்புறம்தான் குச்சி. நேரா சீவிட்டு சூடு காட்டி காட்டி வளைக்கணும், முழு வில்லே சுமார் 60 கிராம்தான், ஒரு சீவல் கூடப்போனா போச்சு. பேர்போன மரம் பிரேசில் பெர்னாம்புகோ, 2007லருந்து சைட்டிஸ் (அழிஞ்சுபோற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுல இருக்கு, அதனால கார்பன் ஃபைபரையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. இன்னைய வில்லுக்கு வடிவம் குடுத்த பிரான்ஸ்காரர் தூர்த்தே மொதல்ல கடிகார வேலை பாத்தவருதான்.

ஆரம்பத்துல சோறு போடறது முடி மாத்தற வேலைதான்.